டிராப்டவுனில் ஒரே ஒரு ஆப்ஷனை மட்டும் மாற்றுவது எப்படி? ஜாங்கோவில் பலரும் தடுக்கி விழும் இடம்

அகில இந்திய அளவிலான ஒரு வேலைவாய்ப்புத் தேர்வுக்கு நீங்க ஆன்லைனில் விண்ணப்பிக்கிறீங்கன்னு வைச்சுக்கோங்க. தேர்வு மையம் கேட்கும் டிராப்டவுனில் புனே, போபால், குவாஹாட்டி என வரிசையாக நகரங்கள். குவாஹாட்டியில் இடம் நிரம்பிவிட்டது. ஆனால் ஃபார்ம் அதைச் சொல்லாது. எல்லாவற்றையும் நிரப்பி, சப்மிட் அழுத்திய பிறகுதான் 'இடமில்லை' என்று வரும். எரிச்சலாக இருக்கும்தானே?

இப்போ அந்த ஃபார்மை எழுதும் டெவலப்பரே நீங்கதான். குவாஹாட்டியை மட்டும் தேர்வு செய்ய முடியாதபடி மங்கலாக்கணும். எப்படி?

ஏன் நேரடியாக முடியவில்லை?

ஜாங்கோ என்பது பைத்தான் மொழியில் எழுதப்பட்ட வெப் ஃபிரேம்வொர்க். அமெரிக்காவின் கன்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்தது என்பதில் எங்களுக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. இதில் ஒரு ஃபீல்டின் விட்ஜெட்டுக்கு அட்ரிபியூட் கொடுப்பது சுலபம். ஆனால் டிராப்டவுனைப் பொறுத்தவரை, நீங்க கொடுக்கும் அட்ரிபியூட் வெளியே இருக்கும் 'செலக்ட்' டேகில் போய் ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கும் 'ஆப்ஷன்' டேகுகளுக்குப் போகாது. 'டிஸேபிள்ட்' என்று கொடுத்தால் குவாஹாட்டி மட்டுமல்ல, டிராப்டவுன் மொத்தமும் செத்துப்போகும்.

வழி என்ன?

2017-ல் வந்த ஜாங்கோ 1.11-லிருந்து இதற்கு 'கிரியேட்_ஆப்ஷன்' என்ற மெத்தட் இருக்கிறது. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒருமுறை இது ஓடும். செலக்ட் விட்ஜெட்டை வைத்து உங்களுக்கென ஒரு கிளாஸ் எழுதி, இந்த மெத்தடை ஓவர்ரைடு பண்ணுங்க. உள்ளே முதலில் 'சூப்பர்' வழியாகப் பழைய மெத்தடையே கூப்பிடணும். அது ஒரு டிக்‌ஷனரியைத் தரும். மையம் நிரம்பியிருந்தால் அதன் அட்ரிபியூட் பகுதியில் 'டிஸேபிள்ட்' என்பதை ட்ரூ ஆக்கி, லேபிளில் 'நிரம்பியது' என்று சேர்த்து, டிக்‌ஷனரியைத் திருப்பி அனுப்பினால் போதும். மங்கல் நிறத்தை மட்டும் நம்பாதீங்க. ஏன் தேர்வு செய்ய முடியவில்லை என்பதும் தெரியணும். ரேடியோ பட்டன், செக்பாக்ஸ் பட்டியல்களுக்கும் இதே மெத்தட்தான்.

மையங்கள் டேட்டாபேஸிலிருந்து வருகின்றனவா? 2020-ல் வந்த 3.1 பதிப்பிலிருந்து, மெத்தடுக்கு வரும் வேல்யூவிலேயே 'இன்ஸ்டன்ஸ்' இருக்கிறது. அதை வைத்து மீதமிருக்கும் இடங்களைப் பார்க்கலாம். ஆனால் முதலில் வருமே அந்த வெறும் கோடு போட்ட ஆப்ஷன், அதற்கு இன்ஸ்டன்ஸ் கிடையாது. வேல்யூ இருக்கிறதா என்று பார்க்காமல் போனால் பக்கமே எரர் அடிக்கும்.

உண்மையான சிக்கல் எங்கே?

மேலே சொன்னதோடு பலரும் நிறுத்திவிடுவார்கள். டெஸ்டிங்கிலும் எல்லாம் சரியாக இருக்கும். பிறகு, ஏற்கெனவே குவாஹாட்டியில் இடம் வாங்கிய ஒரு பெண், போன் நம்பரைத் திருத்துவதற்காக ஃபார்மைத் திறக்கிறார். அவருடைய மையம் இப்போது நிரம்பிய மையம். அதனால் டிஸேபிள் ஆகியிருக்கும். திரையில் 'குவாஹாட்டி' என்றுதான் தெரியும். ஆனால் டிஸேபிள் ஆன ஆப்ஷனை, அது தேர்வாகியிருந்தாலும், பிரவுசர் அனுப்பாது! ஹெச்டிஎம்எல் விதியே அப்படித்தான்.

விளைவு? அந்த ஃபீல்டு கட்டாயம் என்றால், 'நிரப்பவும்' என்று எரர் வரும், அவர் வேறு வழியில்லாமல் போபாலைத் தேர்வு செய்வார். கட்டாயம் இல்லையென்றால் இன்னும் மோசம்: எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மையம் காலியாக சேவ் ஆகிவிடும். போன் நம்பர் மாற்றப் போனவருக்கு சீட் போய்விட்டது.

தீர்வு ஒரே ஒரு நிபந்தனைதான். கிரியேட்_ஆப்ஷனுக்கு 'செலக்டட்' என்ற ஆர்க்யூமென்டும் வரும். அது ட்ரூ என்றால் அந்த ஆப்ஷனை டிஸேபிள் பண்ணாதீங்க.

சர்வர் பக்கம் பார்த்தீங்களா?

டிஸேபிள் என்பது வெறும் திரைச்சீலை. பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து யார் வேண்டுமானாலும் அதை எடுத்துவிடலாம். ஜாங்கோவைப் பொறுத்தவரை குவாஹாட்டி இன்னும் பட்டியலில் இருக்கும் செல்லுபடியான மையம்தான். மறுப்பு சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். எனவே ஃபார்மின் 'கிளீன்' மெத்தடிலும் இடம் இருக்கிறதா என்று பார்க்கணும். அங்கேயும் அந்த விண்ணப்பதாரரிடம் ஏற்கெனவே இருக்கும் மையத்துக்கு விலக்கு தரணும், இல்லையென்றால் அந்தப் பெண் மறுபடி மாட்டுவார்.

கடைசி ஒரு சீட்டுக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் சப்மிட் அழுத்தினால்? கிளீன் மட்டும் போதாது. சேவ் செய்யும்போது டிரான்ஸாக்‌ஷனுக்குள் 'செலக்ட்_ஃபார்_அப்டேட்' போட்டு அந்த மையத்தின் வரிசையைப் பூட்டி, இடங்களை மறுபடி எண்ணிப் பார்த்த பிறகே சீட்டை ஒதுக்குங்க.

மற்ற ஃபிரேம்வொர்க்குகளில்?

சிம்ஃபனியில் 'சாய்ஸ்_அட்டர்', ரெயில்ஸில் 'ஆப்ஷன்ஸ்_ஃபார்_செலக்ட்'. பெயர்தான் வேறு. போன் நம்பர் சிக்கல் அங்கேயும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது பிரவுசரின் விதி.