புளி பட்ட பச்சை

செம்பட்டியில் வத்தலக்குண்டு பஸ்சுக்காக நிற்கும்போது சித்தப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். கரும்பச்சை மாத்திரைகள், ஸ்பைருலினா. “இதுலேர்ந்துதான் புத்துநோய்க்கு மருந்து எடுக்குறாங்களாம்ல?” அவருக்கு வாயில் புற்று.

எடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த மருந்து இந்த டப்பாவில் இல்லை.

ஸ்பைருலினா உவர்நீரில் வளரும் நுண்பாசி. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பக்கத்துப் பெண்கள் அதை வடித்துக் காயவைத்துக் குழம்பில் கரைப்பார்கள். நம் பக்கம் அதைக் கிராமத்துத் தொட்டிகளில் வளர்க்க வழி செய்தவர், சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தின் சி.வி. சேஷாத்ரி. புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு அது சத்துணவாகவும் போனது.

அதே வகைப் பாசி அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்துக்கும் போனது. அங்கே ரவீந்திர பாண்டேக்கும் தாமஸ் டோஹர்ட்டிக்கும் தேவைப்பட்டது அதன் பச்சையம். கீரையில் குளோரோபில் ஏ, பி இரண்டும் கலந்திருக்கும், பிரிப்பது பெரும்பாடு. இந்தப் பாசியில் ஏ மட்டும்தான்.

பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. அமிலம் பட்டால் அது கழன்றுவிடும். கொதிக்கும் கீரையில் புளியைக் கரைத்து ஊற்றியதும் பச்சை செத்துப் பழுப்பாகிறதே, அதேதான். அடுத்து பச்சையத்தின் நீண்ட வாலை அறுத்தார்கள். இன்னும் சில படிகள் தாண்டி, ஆறு கார்பன் கொண்ட ஒரு சங்கிலியை ஒட்டினார்கள். இப்படிப் பிறந்ததுதான் எச்.பி.பி.எச். என்ற மருந்து.

இருட்டில் அது சும்மா கிடக்கும். ஊசியில் ஏற்றி, ஏறக்குறைய ஒரு நாள் கழித்துக் கட்டியின் மேல் 665 நானோமீட்டர் சிவப்பு லேசரைப் பாய்ச்சினால், பக்கத்திலுள்ள ஆக்சிஜனை உசுப்பிவிடும். அந்த ஆக்சிஜன் செல்லைச் சிதைக்கும். ஒளி படாத இடத்துக்குப் பெரிதாகச் சேதமில்லை. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுகளில் நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். சிவப்பொளி சதைக்குள் ஆழமாகப் போகாது. பரவிவிட்ட நோய்க்கு இது உதவாது.

இவ்வளவையும் சித்தப்பாவிடம் சொன்னேன். மாத்திரை சத்துக்கு, வைத்தியத்துக்கு அல்ல. டாக்டர் சொன்ன தேதியைத் தள்ளிப்போடவே கூடாது என்று கெஞ்சினேன். அந்த ஊசி போட்டால் சில நாள் வெயில் படாமல் இருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். “வெயில் படாமயா? அப்போ தோட்டத்துக் கொடிக்கு யாரு தண்ணி பாய்ச்சுறது?”