பாரதத்தை அளந்த சங்கிலி

சென்னைப் பரங்கிமலைக்கருகில் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் நிலமளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள ஒரே கோட்டுக்கு, நூறடி எஃகுச் சங்கிலியைச் சுமார் 400 முறை வைத்தெடுத்தனர். வெயிலில் எஃகு நீளுமாதலின், உடன் வெப்பமானிகளும் வைக்கப்பெற்றன. அப்பால் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாய்க் கணக்கினாலேயே தூரங்களை அறிந்தார். இடையிடையே மீண்டும் தரையில் ஒரு கோடு அளந்து கணக்கைச் சரிபார்ப்பதே அவர் திட்டத்தின் உயிர்நிலை. பேரேடு எழுதுவோர் இதன் அருமையை நன்குணர்வர்.

1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஏற்றுகையில், அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானி கயிறறுந்து சுவரில் மோதிற்று; அதன் பெருவட்டம் கோணிவிட்டது. பிறர் கைவிட்டிருப்பர். லாம்ப்டனோ ஆறு வாரம் தம் கையாலேயே உழைத்து அதனை நேராக்கினார்.

1823இல், வடக்கே அளந்து செல்லும் வழியில், ஹிங்கன்காட்டில் உயிர் நீத்தார். வார்தாவுக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையே, ஊர் சென்று மீளும்போது நாம் ரயிலில் கடக்கும் ஊரே அது. அவரது கல்லறை அங்குதான் உள்ளது.