கேப்டன் ட்ரைப் போட்ட மேகம்

பண்ருட்டி பக்கத்தில் திருவதிகை. மத்தியான வெயிலில் அங்கே வீரட்டானேஸ்வரர் கோயில் கோபுரத்தைப் பழைய ஃபோனில் எடுத்துப் பாருங்க. கோபுரம் தெளிவாக விழுந்தால் வானம் வெள்ளைத்தாளாகிவிடும். வானத்தைப் பிடித்தால் கோபுரம் கரிக்கட்டை. புது ஃபோன் நம்மைக் கேட்காமலே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துச் சில படங்கள் எடுத்து ஒன்றாக்கிவிடும். எச்டிஆர் என்கிறார்கள்.

இந்தத் தொல்லை ஃபோட்டோ பிறந்தபோதே கூடப் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டு ரசாயனங்கள் நீல ஒளிக்குச் சட்டென்று மசியும். இலைப் பச்சைக்கும் செம்மண்ணுக்கும் லேசில் மசியாது. மரம் பதிவாவதற்குள் வானம் வெந்துபோயிருக்கும். 1850களின் நடுவில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, தொடுவானத்தில் ஒட்டுத் தெரியாமல் ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே மேகத்தை வேறு வேறு கடல்களின் மேல் மிதக்கவும் விட்டிருக்கிறார், குறும்புக்காரர்.

நம்ம பக்கத்தில் இந்த வேலையைச் செய்தவர் லினேயஸ் ட்ரைப். 1856இல் மதராஸ் அரசின் ஃபோட்டோகிராஃபராக நியமிக்கப்பட்ட ராணுவ கேப்டன். 1857 கடைசியில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். இவர் இரண்டாவது நெகட்டிவ் தேடவில்லை. மெழுகேற்றிய தாள் நெகட்டிவின் முதுகில் தூரிகையால் சாயம் பூசினார். சாயம் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும், மேகம் வந்துவிடும். காற்றில் கலங்கிப்போன மர இலைகளையும் அப்படியே தொட்டுச் சரிசெய்தார்.

அவருடைய 1858 ஆல்பம் ஒன்றின் தலைப்பில் ‘ட்ரிவாடி’ என்றிருக்கும். எங்க ஊர்க்காரங்க அவசரப்பட வேண்டாம். வெள்ளைக்காரர்கள் திருவதிகையையும் அப்படித்தான் எழுதினார்கள், ஆனால் இது தஞ்சாவூருக்குப் பக்கத்துத் திருவையாறு.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை எடுத்ததுதான் அவருடைய பெரிய காரியம். 21 பிரிண்டுகளை வரிசையாக ஒட்டிய நீண்ட சுருள், கிட்டத்தட்ட 19 அடி. அதில் கற்பனைக்கு இடமில்லை, எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும். அதே கைதான் வேறு படங்களில் இல்லாத மேகத்தைப் போட்டது. அரசு ஆவணத்தில் இது மோசடியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறும் வெள்ளை வானமும் உண்மை இல்லையே.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் காலத் தாள் நெகட்டிவுக்கு நிமிடக் கணக்கில் வெளிச்சம் வேண்டும். அதற்குள் நடந்து போகிறவர் தடமில்லாமல் மறைந்துவிடுவார். தஞ்சையின் கடைசி மராட்டிய அரசர் 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தார், கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்டது. அடுத்த சில வருஷத்தில் வந்த இந்தப் படங்களில் பெரும்பாலும் ஆள் அரவமே இல்லை. தினமும் பூசை நடந்த கோயில், யாரோ விட்டுப்போன கட்டடம் மாதிரி நிற்கிறது. இலைக்கும் மேகத்துக்கும் தூரிகை எடுத்தவர், அந்த வெறுமையை அப்படியே விட்டுவிட்டார். மறைந்த மனிதர்களைத் திரும்ப வரையச் சொல்லி யாரும் அவரைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், செலவு கட்டுப்படியாகாது என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.