பேர் சொல்லா மருந்து

மயிலாப்பூர்க் கச்சேரி வீதியில் 1885-ஆம் ஆண்டில் தோன்றி, சரக்கு அடைத்து வைத்த தகர டப்பாக்களாலேயே பெயர் பெற்றுவிட்ட டப்பா செட்டி கடைக்கு, பிள்ளை பிறந்த வீட்டார் பிரசவ லேகியத்துக்கும் உரை மருந்துக்கும் சீட்டெழுதிக்கொண்டு போவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று நீளும் அந்தச் சீட்டிலே, விளக்கு வைத்த பிறகு வாயால் உச்சரிக்கலாகாது என்று நம் பாட்டிமார் விலக்கி வைத்த சரக்கு ஒன்று உண்டு. அதுதான் வசம்பு. அந்தி சாய்ந்தால் அது ‘பேர் சொல்லா மருந்து’. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று கேட்டாலும் கடைக்காரருக்கு விளங்கும்.

சதுப்பு நிலத்தில் வாள் போன்ற இலை விட்டு வளரும் செடியின் கிழங்கு அது. விரல் பருமனில், கணுக்கணுவாய், பழுப்பேறி உலர்ந்து கிடக்கும், ஒடித்தால் கார நெடி மூக்கைத் தாக்கும். எண்ணெய் ஸ்நானம் செய்வித்த சிசுவை மடியில் கிடத்திக்கொண்டு, விளக்கெண்ணெயில் தோய்த்த வசம்பைத் தீபச் சுடரில் காட்டிக் கரியாக்கி, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இரண்டொரு இழைப்பு இழைத்து, அந்த மையை விரல் நுனியால் தொட்டு நாவில் தடவுவதும், வயிறு உப்பி அழும் குழந்தைக்குத் தொப்புளைச் சுற்றிப் பற்றிடுவதும் ஔஷதப் பிரயோகம். அதே மையைக் கன்னத்தில் பொட்டாக வைப்பதும், கிழங்கைத் துண்டு துண்டாய் நறுக்கிக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கையில் கட்டுவதும் திருஷ்டிக்கும், சிசுக்களைப் பீடிப்பதாக நம்பிய பாலக்கிரக தோஷத்துக்கும் செய்த ரக்ஷை. வைத்தியம் எங்கே முடிந்து மாந்திரிகம் எங்கே தொடங்குகிறது என்று பாட்டியைக் கேட்டிருந்தால், கேட்டவரைத்தான் அவள் விநோதமாகப் பார்த்திருப்பாள்.

கிழக்கிந்தியக் கும்பினியாரின் வைத்தியராக இங்கே இருந்து, 1813-இல் சென்னையிலேயே தம் மருந்துப் பொருள் நூலை அச்சிட்டு, 1826-இல் அதை விரித்து லண்டனில் வெளியிட்ட ஒயிட்லா எய்ன்ஸ்லி, வசம்பைப் பற்றி ஓர் அபூர்வமான செய்தியைத் தருகிறார். குழந்தைகளின் அஜீரணத்துக்கும் வயிற்று நோவுக்கும் அது அவ்வளவு இன்றியமையாததாகக் கருதப்பட்டதால், நள்ளிரவில் வந்து கேட்டாலும் கதவைத் திறந்து கொடுக்க மறுக்கும் மருந்துக் கடைக்காரருக்கு அபராதம் உண்டாம். பேர் சொல்லக் கூடாத பொருளை இரவில் கேட்டால் கொடுத்தே தீர வேண்டும் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குழந்தையின் அழுகைக்கு முன் வர்த்தகன் தூக்கமும் சாஸ்திரமும் வழிவிட்டன என்றே நான் கொள்கிறேன்.

ஆயுர்வேதத்தில் இதற்கு வசா என்று பெயர். மேதையையும் வாக்கையும் வளர்ப்பதாகச் சொல்லி ஸாரஸ்வத சூர்ணத்தில் சேர்த்தார்கள். 1905-இல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் மயிலாப்பூரில் வேங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையை நிறுவியதும், 1944-இல் வைத்தியர்கள் கூடி இம்ப்காப்ஸ் என்னும் கூட்டுறவு மருந்துச்சாலையை ஏற்படுத்தியதும், இத்தகைய சரக்குகளைப் பாட்டியின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து நிறுத்த அளவுக்கும் சுத்தி முறைக்கும் கொண்டுவந்த முயற்சிகள். இம்ப்காப்ஸ் இன்று இருப்பது, அகஸ்தியருக்கு ஈசன் மருந்துகளின் தன்மையை உபதேசித்ததாக ஐதிகம் வழங்கும் மருந்தீசுவரர் கோயில் கொண்ட திருவான்மியூரில்.

ரசாயன சாஸ்திரமோ வேறு தீர்ப்பு வழங்கியது. வசம்பின் எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள் சோதனை எலிகளுக்குப் புற்றுநோய் விளைவித்ததால், அமெரிக்க அரசு 1968-இல் வசம்பையே உணவுப் பொருள்களில் சேர்க்கலாகாது என்று தடுத்துவிட்டது. வட அமெரிக்க வசம்பில் இல்லாத அந்தப் பொருள் நம் நாட்டு இனத்தில் மிகுதி.

பழைய முறையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தீயில் கருக்கினார்கள், தொட்டுத் தடவினார்கள், பெயரைக்கூட அச்சத்தோடு விலக்கினார்கள். இன்றோ அந்த அச்சம் போய், வசம்பு வளையல் அலங்காரப் பொருளாய்த் தபாலில் வருகிறது, தூள் கரண்டிக் கணக்கில் வாய்க்குள் போகிறது. ஆகவே, இளம் தாய்மார்களே, குழந்தையின் கன்னத்துப் பொட்டைப் பற்றி யாரும் வழக்காடப் போவதில்லை. கையில் கட்டிய துண்டைக் குழந்தை கடித்து விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தை வைத்தியரைக் கேட்காமல் நாவில் மட்டும் தடவாதீர்கள்.