எண்பதைத் தாண்டினால் மணி அடிக்கும்

சுவா சூ காங்கில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில்தான் இந்தத் தேடல் ஆரம்பித்தது. வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர். பொட்டலங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. தே ஓவைக் கலக்கிக்கொண்டே கேட்டார்: "ரேடார் டிடெக்டர்னு ஒன்னு இருக்காமே, தம்பி. நீதான் கண்டதையும் படிக்கிறவன். எதை வாங்கலாம்னு பாத்துச் சொல்லேன்."

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கணக்கில் ஏற்கெனவே 18 குற்றப்புள்ளிகள். 24 மாதங்களுக்குள் 24 புள்ளி சேர்ந்தால் முதல் தடவையே 12 வாரம் லைசென்ஸ் கிடையாது. வேன் ஓட்டுபவருக்கு அது 12 வாரச் சம்பளம். கார்கள் 80, 90இல் போகும் விரைவுச்சாலையில் வேனுக்கு 70தான் அனுமதி. பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான், முன்னால் போனில் அடுத்த முகவரி ஒளிர்கிறது. நடுவில் இவர்.

சரி என்று படிக்க உட்கார்ந்தேன். வாங்கும் ஆலோசனை தேடிப் போனவன் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன்.

ரேடார் வேகமானியைப் போர்க்காலத்தில் உருவாக்கியவர்கள் ஜான் பார்க்கர், பென் மிட்லாக் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1947இல் கனெடிகட் மாநிலத்தில் சாலையில் வைத்துச் சோதித்தார்கள். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உச்சத்தில் கேட்கும், கடந்து போனதும் இறங்கிவிடும் அல்லவா, அதே சங்கதிதான். ஓடும் காரில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைச் சொல்லிவிடுகிறது கருவி. 1935இல் பிரிட்டனில் ரேடாரைச் செயல்படுத்திக் காட்டிய ராபர்ட் வாட்சன்-வாட், 1950களில் கனடாவில் கார் ஓட்டிப் போனபோது ரேடார் வைத்திருந்த போலீஸிடமே மாட்டிக்கொண்டார். தன்னைத்தானே கிண்டல் செய்து ஒரு கவிதையும் எழுதினார். பாவம், வேறென்ன செய்வார்.

அடுத்தது டிடெக்டர். அமெரிக்க விமானப்படையின் ரேடார் வேலையில் இருந்த டேல் ஸ்மித், ஒருமுறை அபராதம் கட்டிய கடுப்பில் 'ஃபஸ்பஸ்டர்' என்ற பெட்டியைச் செய்தார். 1974இல் எண்ணெய் நெருக்கடியால் அமெரிக்கா முழுவதும் மணிக்கு 55 மைல் என்று உச்சவரம்பு வந்ததும், இந்தப் பெட்டிகளுக்குப் பெரிய சந்தை உருவானது. 1978இல் வந்த 'எஸ்கார்ட்' அதைவிடக் கூர்மையான காது கொண்டது.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு எளிய கணக்கு. போலீஸின் அலை காருக்குப் போய், பட்டு, திரும்பி வர வேண்டும். டிடெக்டருக்கோ அது ஒரு வழிப் பயணம்தான். திரும்பி வரும் எதிரொலி தூரத்தின் நான்காம் மடங்கில் தேய்கிறது, நேரே வரும் அலை இரண்டாம் மடங்கில்தான். கும்மிருட்டில் டார்ச் பிடித்து வருகிறவன் உங்களைப் பார்ப்பதற்கு வெகுமுன்பே அவன் டார்ச் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறதே, அதுபோல. டிடெக்டர் வியாபாரம் முழுக்க இந்த இடைவெளியில்தான் நடந்தது.

போலீஸ் சும்மா இருக்குமா? 10.5 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ் அலைவரிசையிலிருந்து 24இல் இருக்கும் கே-க்குத் தாவினார்கள், பிறகு 33க்கு மேலே கேஏ-வுக்கு. டிடெக்டரும் பின்னாலேயே தாவியது. நல்ல டிடெக்டர் தானும் கொஞ்சம் அலையைக் கசியவிடும். அதை மோப்பம் பிடிக்க 'விஜி-2' என்று டிடெக்டரைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் வந்தது. அது அருகில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் வசதியோடு அடுத்த தலைமுறை டிடெக்டரும் வந்தது! வர்ஜீனியா மாநிலம் தடை போட்டது. பிரிட்டனிலோ 1998இல் உயர் நீதிமன்றம், ரேடார் அலையில் செய்தி எதுவும் இல்லை, அதைக் கவனிப்பது கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி குற்றமாகாது என்று சொல்லிவிட்டது.

விளையாட்டைக் கெடுத்தது லேசர். ரேடார் அலை சாலை முழுக்கப் பரவும். லேசர் கற்றையோ 300 மீட்டர் தள்ளியும் சுமார் ஒரு மீட்டர் அகலம்தான். அது உங்கள் கார்மேல் பட்டு டிடெக்டர் கத்தும்போது உங்கள் வேகம் அங்கே பதிவாகி முடிந்திருக்கும். கத்துவது எச்சரிக்கை அல்ல, இரங்கல் செய்தி.

சிங்கப்பூரில் போலீஸ் லேசரும் வைத்திருக்கிறது. தானா மேரா கோஸ்ட் சாலையில் 2018 டிசம்பரிலிருந்து நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் வைத்துச் சராசரி வேகம் பார்க்கிறார்கள். 2024 ஏப்ரலிலிருந்து சிவப்பு விளக்குக் கேமராக்களும் படிப்படியாக வேகத்தைப் பிடிக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் நிலையான கேமராக்களுக்கு ஆரஞ்சும் வெள்ளையும் அடித்து, எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியலையும் போலீஸே வெளியிடுகிறது. ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கத்தானே டிடெக்டர்? அலைவரிசை வருடிகளும் ஜாமர்களும் இங்கே இறக்குமதிக்குத் தடை செய்யப்பட்டவை. அனுமதியில்லாத வானலைக் கருவி எதையும் வரவழைத்து வம்பில் மாட்ட வேண்டாம் என்று அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இதை எழுதும்போது தெங்கா தளத்திலிருந்து போர் விமானம் ஒன்று எங்கள் புளோக்குக்கு மேலே கிழித்துக்கொண்டு போகிறது. எங்கள் வட்டாரத்தில் இது தினசரிச் சத்தம். ரேடார் என்றதும் எனக்கு அந்தத் தெங்காதான் ஞாபகம் வருகிறது.

1941 டிசம்பர் 8, விடிவதற்கு முன். மலாயாவின் கிழக்குக் கரையில் மெர்சிங்கில் இருந்த ரேடார், கடல்மேல் அடையாளம் தெரியாத விமானங்கள் வருவதைச் சுமார் மூன்றரை மணிக்கே பார்த்துவிட்டது. கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் சிங்கப்பூரில் வான்தாக்குதல் தற்காப்புத் தலைமையகத்தில் செய்தியை வாங்க ஆள் இல்லை. எழும்பத் தயாராக இருந்த போர் விமானங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. தெருவிளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. ஒரு மணி நேரம் கழித்துத் தெங்காவிலும் சிலேத்தாரிலும் குண்டு விழுந்தது, ராஃபிள்ஸ் பிளேஸிலும் விழுந்தது. 61 பேர் இறந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து நகரமே விழுந்தது. கைப்பற்றிய பொருட்களில் நியூமன் என்ற பிரிட்டிஷ் ரேடார் சிப்பாயின் குறிப்பேடும் இருந்தது. அதில் திரும்பத் திரும்ப 'யாகி' என்ற சொல். ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் புரியவில்லை. கைதியாக இருந்த நியூமனிடமே கேட்டார்கள். அது அந்த ஆண்டெனாவைக் கண்டுபிடித்த ஜப்பானியரின் பெயர் என்றார் அவர். ஹிதெத்சுகு யாகியும் ஷிந்தாரோ உதாவும் 1926இலேயே வெளியிட்டது. நம் வீட்டு மாடிகளில் மீன்முள் மாதிரி நின்ற டிவி ஆண்டெனா அதுதான். சொந்த ஊர்க்காரன் சொன்னதைச் சொந்த ராணுவம் கேட்காமல் விட்டிருந்தது.

என் அப்பா எண்பதுகளில் டாக்சி ஓட்டினார். வண்டி 80ஐத் தாண்டினால் உள்ளே 'டிங் டிங்' என்று மணி அடிக்கும். நிற்காமல் அடிக்கும். அந்தக் கால ஜப்பானியக் கார்களிலும் இப்படி ஒன்று இருந்தது. சிலர் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். அப்பா பிடுங்கவில்லை. "பின்னால உக்காந்திருக்கிறவங்களுக்கும் கேக்கணும்ல" என்பார். சின்ன வயசில் எனக்கு அது ஒரு பாட்டு மாதிரி. தேக்காவிலிருந்து வீட்டுக்கு வரும்போது மணி அடித்தால் அப்பாவுக்குத் தூக்கம் வருகிறது, சீக்கிரம் வீடு சேரப் பார்க்கிறார் என்று அர்த்தம். அம்மா உடனே பேச்சுக் கொடுக்க ஆரம்பிப்பார்.

அந்த மணி வண்டியைக் கவனித்தது. டிடெக்டர் போலீஸைக் கவனிக்கிறது. இரண்டும் பார்க்க ஒரே ஜாதிப் பெட்டிதான். பள்ளிக்கூட வாசலில் போலீஸ் இல்லாத நேரத்தில் டிடெக்டர் வாயே திறக்காது.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன், நியூமன் கதை உட்பட. பொறுமையாகக் கேட்டார். "அப்ப எதுவும் வாங்க வேணாங்கிற. உங்க அப்பா வண்டியில இருந்த மணி இப்பக் கிடைக்குமா?"

அவர் போனில் இருந்த வழிகாட்டிச் செயலியில் வேக எச்சரிக்கையை 70க்கு வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு யீஷூன் வரைக்கும் கூடவே போனேன். கிராஞ்சி விரைவுச்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரத்திலேயே அது கத்தியது. அவர் அணைக்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை.

"அண்ணே, அடிக்குது" என்றேன்.

"கேக்குது தம்பி. பின்னால இன்னும் பதினோரு பெட்டி இருக்கு." ஒரு கிலோமீட்டர் கத்தவிட்டு, பிறகு இடப்பக்கத் தடத்துக்கு மாறினார்.