உள்ளுக்கு மருந்தா, மேலுக்கு மருந்தா?

குழந்தையின் நாவில் வெண்மையாகப் படியும் புண்ணுக்கும், பெண்டிர் பலர் வெளியிற் சொல்லக் கூசித் துன்புறும் நமைச்சலுக்கும் பல வேளைகளில் காரணம் ஒன்றே. அது காண்டிடா என்னும் பூஞ்சை. நலமுள்ளோர் பலருடைய வாயிலும் குடலிலும் தீங்கின்றித் தங்கியிருக்கும் இப்பூஞ்சை, உடலின் காவல் தளர்ந்தவிடத்துத் தலையெடுக்கின்றது. இதற்கு உள்ளுக்கு மருந்து கொடுப்பதா, மேலுக்குப் போடுவதா? இவ்வினாவிற்கு விடை காண விரும்புவோர் அம்மருந்துகளின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவர் பெரிதும் நம்பியது வெளிப்பூச்சையே. ஜென்ஷன் வயலட் என்னும் ஊதாச் சாயத்தைக் கரைத்துப் புண்மீது தடவினர். நோய் தணிந்தது, ஆயினும் தோலும் துணியும் கறைப்பட்டன. 1940களில் பெனிசிலினும் அதன் பின்வந்த மருந்துகளும் பரவலாயின. அவை தீய பாக்டீரியாக்களோடு, பூஞ்சையை அடக்கி வைத்திருந்த நல்லனவற்றையும் அழித்தமையால், பூஞ்சை நோய்க்குப் புதிய மருந்து தேடும் தேவை மிகுந்தது.

அத்தேவையை நிறைவு செய்தோர் அமெரிக்கப் பெண்மணியர் இருவர். எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரிலும், ரேச்சல் பிரவுன் ஆல்பனியிலும் அம்மாநில நலத்துறையின் ஆய்வாளராய் இருந்தனர். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஹேசன் வளர்த்து, கண்ணாடிச் சாடிகளில் அடைத்து அஞ்சலில் அனுப்புவார். பிரவுன் அவற்றினின்று மருந்துப் பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். வர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பண்ணை மண்ணிலிருந்து கிடைத்த மருந்தை 1950-இல் உலகிற்கு அறிவித்தனர். நியூயார்க் மாநிலத்தின் பெயரால் அது நிஸ்டாட்டின் எனப்பட்டது. அதனால் வந்த ஒரு கோடியே முப்பது இலட்சம் டாலருக்கு மேற்பட்ட உரிமைத் தொகையை இருவரும் தமக்கெனக் கொள்ளாது ஆராய்ச்சிக்கே அளித்தனர்.

ஈண்டு ஓர் உண்மை கருதத்தக்கது. நிஸ்டாட்டினை மாத்திரையாக விழுங்கினாலும் அது குடலினின்று குருதியிற் கலப்பதில்லை. வாயையும் குடலையும் தொட்டுச் சென்று, பூஞ்சையின் மேலுறையைத் துளைத்தழிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகின்றது. ஆகவே, உண்ணப்படினும் அது மேல்மருந்தே!

விழுங்கியபின் குருதி வழியே உடலெங்கும் செல்லும் மருந்துகள் பிற்பட்டே வந்தன. 1981-இல் அமெரிக்காவில் கீட்டோகோனசோல் மாத்திரைக்கு இசைவு கிடைத்தது. ஆனால் அது ஈரலைக் கெடுத்தல் தெரியவரவே, 2013-இல் அமெரிக்கா அதன் பயனைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. இங்கிலாந்தில் உருவாகி, 1990-இல் அமெரிக்க இசைவு பெற்ற ஃபுளூகோனசோல் அதனினும் பாதுகாப்பானது.

பெண்டிர்க்கு வரும் எளிய நோய்க்கு ஃபுளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒருமுறை உண்டாற் போதும். அல்லது குளோட்ரிமசோல் போன்ற வெளிமருந்தைச் சில நாள் இடலாம். குணமளிப்பதில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒப்பானவை என்பதே ஆய்வுகள் காட்டும் முடிவு. எனினும் கருவுற்ற பெண்டிர்க்கு வெளிமருந்தே தக்கது. குருதி உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் உண்போர் மருத்துவரைக் கேளாது ஃபுளூகோனசோலை உண்ணலாகாது, குருதிப்பெருக்கு நேரலாம். மாறாக, உணவுக்குழாய்க்குள் நோய் இறங்கிவிட்டால் மேற்பூச்சு பயன்படாது. குருதியிற் சேரும் மருந்தே வேண்டும்.

புதியது வந்ததனால் பழையது தோற்றுவிடவில்லை. நோய் நிற்கும் இடத்தையும் நோயாளியின் நிலையையும் அறிந்து மருந்து தெரிதலே முறை. கூச்சத்தால் நோயை மறைப்பதும், பிறர்க்குக் கொடுத்த மாத்திரையைத் தாமே வாங்கி உண்பதும் தகா. நமைச்சலெல்லாம் பூஞ்சையன்று, அதனை உறுதி செய்தற்கு மருத்துவரை நாடுக.