சட்டாம்பிள்ளை முறை: திண்ணையிலிருந்து இலண்டன் வரை

சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆண்மக்களுக்கென நிறுவப்பட்ட ஆதரவற்றோர் காப்பகத்திற்கு, 1789ஆம் ஆண்டு ஆண்ட்ரு பெல் கண்காணிப்பாளரானார். நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதனைத் தம் காப்பகத்திலும் புகுத்த முயன்றார். உதவியாசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார்; முயற்சி பலித்தது. 1797இல் இதுகுறித்த பெல்லின் நூல் இலண்டனில் வெளிவர, மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் அம்முறை ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்றது.

மணலெழுத்தைக் கடன்பெற்றதாக ஒப்புக்கொண்ட பெல், மாணவர் கற்பித்தலைத் தம் கண்டுபிடிப்பாகவே கருதினார். திண்ணைப்பள்ளிகளிலோ சட்டாம்பிள்ளை சொல்ல இளையோர் திருப்பிச் சொல்லும் வழக்கம் நிலைபெற்றிருந்தது. முதலில் கண்டவர் யார் என்னும் வாதம் நெடுநாள் தொடர்வது. அம்முறை எந்த நோக்கத்திற்குப் பயன்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூலின் பொதுப்பாயிரம் இதற்கு ஓர் அளவையைத் தருகிறது. ஆசிரியரிடம் செம்மையாகக் கேட்பவன் அடைவது புலமையில் காற்பங்கே. உடன்பயில்வோருடன் பயில்வதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு தான் பிறர்க்கு உரைப்பதால் நிறைவது. கற்பித்தல் இங்குக் கற்பவனின் புலமையை முழுமையாக்கும் படிநிலை. பவணந்தியார் பேசுவது இலக்கணக் கல்வியைப் பற்றியே. திண்ணைப்பள்ளி நன்னூலைப் பின்பற்றியே சட்டாம்பிள்ளையை அமர்த்தியது என்று கொள்வதற்கில்லை. ஓராசிரியர் பள்ளியில் வேறு வழியில்லை என்பதும் காரணமாகலாம்.

கற்பிப்பவனும் கற்கிறான் என்பதைப் பெல்லும் அறிந்தே இருந்தார். ஆனால் இங்கிலாந்தின் தொழில்நகரங்களில் முறையின் கவர்ச்சி அதன் சிக்கனமாயிற்று. ஓர் ஆசிரியர் ஆயிரம் மாணவரைப் பயிற்றலாம் என்றார் ஜோசப் லங்காஸ்டர். ஏழைச் சிறுவரைக் குறைந்த செலவில் ஒழுங்குக்குப் பழக்குவதே நோக்கமாக மாறியபோது, சட்டாம்பிள்ளை மேற்பார்வையாளனானான்.

1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ நாட்டுப்பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அவர் 1826இல் தொகுத்தளித்தபடி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். பெண்கள் மிகச் சிலரே. இத்தொகுப்பில் பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை தனித்துக் குறிக்கத்தக்கது. மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிப்பதை அவர் பாராட்டுகிறார். இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்கிறார். அதே அறிக்கையில், சிறுவர் பொருளறியாமல் செய்யுட்களை ஒப்பிப்பதைக் கண்டிக்கவும் செய்கிறார். 1983இல் தரம்பால் இவ்வறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டபின், பழமையைப் போற்றுவோர் முதற்கூற்றையும் மறுப்போர் இரண்டாவதையும் எடுத்தாள்வது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

மனப்பாடம் அனைத்தும் ஒரே தன்மையுடையதன்று. செய்யுளைப் பொறுத்தவரை காம்ப்பெல்லின் குறை ஏற்கத்தக்கதே. எண்சுவடியின் நிலை வேறு. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) ஆகிய பின்னங்களின் வாய்பாட்டை உருவேற்றிய சிறுவன், அவற்றின் பொருளை நிலத்தை அளக்கையிலும் நெல்லைப் பங்கிடுகையிலும் கண்டான். தென்னிந்தியக் கணித வரலாற்றை ஆராயும் செந்தில் பாபு, நினைவை ஒரு கற்றல்முறையாகவே கொள்ளவேண்டும் என வாதிடுவது இங்குப் பொருந்தும். எனினும் அந்த நெல்லை விளைவித்த ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்குத் திண்ணை எட்டாததாகவே இருந்தது. இதனை விடுத்து அப்பள்ளிகளின் சிறப்பைப் பேசுவது வரலாறாகாது.

அப்பள்ளிகள் ஏன் நலிந்தன என்பதற்குக் காம்ப்பெல் கூறும் விடை கற்பித்தலைப் பற்றியதன்று. இங்கிலாந்தின் பருத்தித் துணி வரவால் நெசவாளர் பிழைப்பிழந்ததையும், மக்களின் வறுமை பெருகியதையும் அவர் சுட்டுகிறார். பெல்லாரியில் அன்றிருந்த 533 பள்ளிகளுள் ஒன்றுகூட அரசின் உதவி பெறவில்லை என எழுதும் அவர், அதைச் சொல்லத் தமக்கு வெட்கமாயிருப்பதாகவும் பதிவுசெய்கிறார்.